விந்து முந்துதல்: லாட்ஜ் வைத்தியரைத் தேடும் முன் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள்!

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் எத்தனையோ சுவர்கள் கடந்து போகும். தமிழ்நாட்டின் மற்ற சாலைகளைப் போலவே இங்கும் சினிமா போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து வாழ்த்து. இவற்றுக்கு நடுவே, கட்டணக் கழிப்பறைச் சுவரிலோ மின்கம்பத்திலோ ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய நோட்டீஸும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? விந்து சீக்கிரம் வெளியேறுகிறதா?' கீழே ஒரு செல்போன் எண். மாதத்தில் ஒருநாள், ஏதாவதொரு லாட்ஜில் ஏதாவதொரு அறை.

பகலில் அந்த நோட்டீஸை யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால், அந்த எண் பலருடைய போனில் ஏதோ ஒரு பொய்ப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும்.

திருமணமாகி நான்கைந்து மாதங்களான ஒரு கணவரை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. முதலிரவில் சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. பதற்றம்தான் என்று தேற்றிக்கொண்டார். அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. பிறகு 'நைட் ஷிப்ட்' கேட்டு வாங்க ஆரம்பிக்கிறார். மனைவிக்கோ என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ, வேறு யாரும் இருக்கிறார்களோ என்று யோசிக்கிறார். மாமியார் வீட்டில், 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நிமிடப் பிரச்னை, இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து பேசும் பஞ்சாயத்தாக மாறுவது இப்படித்தான்.

எத்தனை நிமிடம் இருந்தால் 'நார்மல்'?

இந்தக் கேள்வியை உண்மையிலேயே ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வால்டிங்கர் என்ற மருத்துவரின் குழு, ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 தம்பதிகளிடம் நான்கு வாரங்கள் இந்த ஆய்வை நடத்தியது. முடிவு 2005-ல் வெளியானது. உறவு தொடங்கியதிலிருந்து விந்து வெளியேறும் வரையிலான நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடங்கள். அதாவது, பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் அதற்கு மேலே. துருக்கியில் இது 3.7 நிமிடங்கள்தான். சிலருக்கு அரை நிமிடம், ஒருவருக்கு 44 நிமிடங்கள்!

ஆக, செல்போனில் பார்க்கும் ஆபாசப் படத்தின் அரைமணி நேரம் எடிட்டிங் டேபிளில் தயாராவது. அதைப் பார்த்துவிட்டு, 'எனக்கு அஞ்சு நிமிஷம்தான்' என்று வருந்துபவருக்குச் சிகிச்சையே தேவையில்லை. சரியான தகவல் கிடைத்தாலே போதும்.

அப்படியானால் எதைப் பிரச்னை என்பது? பாலியல் மருத்துவத்துக்கான சர்வதேச சங்கம் 2014-ல் வகுத்த வரையறையில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. முதல் அனுபவத்திலிருந்தே, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு நிமிடத்துக்குள் விந்து வெளியேறுவது; அல்லது நன்றாக இருந்தவருக்குத் திடீரென அந்த நேரம் குறைந்து மூன்று நிமிடங்களுக்குள் வந்துவிடுவது. இரண்டாவது, தள்ளிப்போட முயன்றும் முடியாமல் இருப்பது. மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அதனால் மனவேதனை, எரிச்சல், உறவையே தவிர்க்கும் நிலை ஏற்படுவது. கணவனும் மனைவியும் திருப்தியாக இருக்கிறார்கள் என்றால், கடிகாரம் என்ன சொன்னாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

இங்கே கடலூர் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கம் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து லீவில் வருபவருக்கு முதல் சில நாள்கள் வேகமாக முடிந்துவிடுவது சகஜம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஓரிரு வாரங்களில் தானாகச் சரியாகிவிடக்கூடிய அதை நோயாக நினைத்து பயந்து, கிடைத்த ஒரு மாத லீவையும் பேசாமலேயே கழித்துவிட்டுத் திரும்ப விமானம் ஏறுபவர்களை என்ன சொல்வது?

காரணம் கைப்பழக்கம் அல்ல

விந்து வெளியேறுவது ஓர் அனிச்சைச் செயல். தும்மல் போல. மூளையும் தண்டுவடமும் சேர்ந்து அதை நடத்துகின்றன. மூளையில் சுரக்கும் செரட்டோனின் என்ற ரசாயனம் இதற்கு பிரேக் மாதிரி. சிலருக்குப் பிறவியிலேயே அந்த பிரேக் கொஞ்சம் லூஸ் என்கிறது மருத்துவம். பயமும் பதற்றமும் அதை இன்னும் தளர்த்திவிடும். 'இன்னிக்கும் அப்படி ஆகிடுமோ' என்று நினைத்தபடியே தொடங்கினால், அப்படியே ஆகிவிடும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும்.

முன்பு நன்றாக இருந்து இடையில் வந்திருந்தால் உடலில் வேறு காரணம் இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி ஆகியவை அதில் முக்கியம். இன்னொன்று, விறைப்பு நிலைக்கவில்லை என்பதால் அவசரப்படுவது. 40 வயதைத் தாண்டியவருக்கு இப்படி இருந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். விறைப்புக் குறைவது சில நேரங்களில் இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கும். லாட்ஜ் அறையில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்?

இளவயதுக் கைப்பழக்கத்தால் இது வருவதில்லை. விந்து என்பது ரத்தத்தைச் சுண்டக் காய்ச்சி எடுத்த சாரமும் இல்லை. அதில் பெரும்பகுதி, விந்துப் பைகளும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். வெளியேறிய பிறகு உடல் மறுபடியும் சுரந்துகொள்ளும். விந்து போனால் பலம் போச்சு என்ற பயமே ஒரு மனநலப் பிரச்னையாக இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. மனநல மருத்துவர் என்.என்.விக் 1960-ல் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். லாட்ஜ் வைத்தியத்தின் மூலதனமே அந்த பயம்தான்.

குழந்தையின்மைக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறார்கள். உறவு தொடங்கும் முன்பே வெளியேறிவிடும் நிலை இருந்தால் மட்டுமே கருத்தரிப்பில் சிக்கல் வரும். மற்றபடி விந்து முந்துபவருக்குக் குழந்தை பிறக்க எந்தத் தடையும் இல்லை.

பயிற்சி முதல், மாத்திரை பிறகு

அமெரிக்காவைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் ஜேம்ஸ் செமன்ஸ் 1956-ல் எழுதிய எளிய முறை இன்றும் சொல்லித்தரப்படுகிறது. உச்சத்தை நெருங்குவதாக உணரும்போதே நிறுத்திவிட வேண்டும். வேகம் தணிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். முதலில் தனியாக, பிறகு மனைவியின் உதவியோடு. எந்த இடத்தில் நிறுத்தினால் தப்பலாம் என்பதை உடல் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். 1970-ல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் இதையே சற்று மாற்றி, அழுத்தம் கொடுத்து நிறுத்தும் முறையைப் பிரபலப்படுத்தினார்கள். சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது இறுகுகிற தசைகளுக்கான பயிற்சியும் சிலருக்குக் கைகொடுக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் இந்தப் பயிற்சிகளில் பாதிக்கு மேல் செய்ய முடியாது. எனவே, முதலில் அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

மாத்திரைகளில் டபாக்ஸிடின், இந்தப் பிரச்னைக்கென்றே வந்தது. உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்கு முன் எடுத்துக்கொள்வது. 2009-ல் பின்லாந்து, சுவீடன் நாடுகள் முதலில் அனுமதித்தன. அமெரிக்கா இன்றுவரை அனுமதிக்கவில்லை. இந்தியாவில் கிடைக்கிறது, டாக்டர் சீட்டோடு மட்டும். குமட்டல், தலைச்சுற்றல் வரலாம். சிலர் எழுந்து நிற்கும்போது மயங்கி விழுவார்கள். மதுவோடு சேர்த்தால் அந்த ஆபத்து கூடும். இதய நோயாளிகளும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே கேட்டு வாங்கவே கூடாது.

பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைக் குறைந்த அளவில் தினமும் கொடுக்கும் வழியும் உண்டு. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்படிதான். திடீரென நிறுத்தினால் தொந்தரவு. லிடோகெய்ன் கலந்த ஸ்பிரே, க்ரீம் ஆகியவை உணர்ச்சியைச் சற்று மரத்துப்போகச் செய்யும். உறவுக்கு முன் துடைத்துவிட வேண்டும் அல்லது ஆணுறை அணிய வேண்டும். இல்லாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும்.

பாக்கெட்டில் பெயர் இல்லாமல் விற்கும் 'மூலிகை' கேப்சூல்கள் பற்றி ஒரு வார்த்தை. 'நூறு சதவிகிதம் மூலிகை' என்று விற்கப்படுபவற்றில் சில்டெனாஃபில் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் தடாலடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் அங்கே பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்கும், பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் இதைத் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. சட்டத்துக்கு 70 வயது தாண்டிவிட்டது. நோட்டீஸ் மட்டும் சுவரில் புதிது புதிதாக முளைக்கிறது.

எங்கே போவது?

சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை ஊர்க்காரர்கள் இன்னும் 'ராஜா முத்தையா' என்றுதான் சொல்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம் இருந்த அது, இப்போது தமிழக அரசின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவரை அங்கே பார்க்கலாம். 'மனநலமா, எனக்கென்ன பைத்தியமா?' என்று யோசிப்பவர்கள் பொது மருத்துவரிடமிருந்து தொடங்கலாம். தைராய்டும் சர்க்கரையும் அவரே பார்த்துவிடுவார். தேவைப்பட்டால் சரியான பிரிவுக்கு அவரே எழுதியும் கொடுப்பார்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். 14416, 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அரசு நடத்தும் மனநல ஆலோசனை சேவை. தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. 'இனி வாழ்ந்து என்ன பயன்' என்கிற அளவுக்கு மனம் போய்விட்டவர்கள் காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவிலும் அந்த எண் வேலை செய்யும்.

மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி. சீட்டு போடும் கவுன்டரில், பின்னால் நிற்பவர் காதில் விழும்படி காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. 'டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்' என்றால் போதும். ஏற்கெனவே ஏதாவது மாத்திரையோ லேகியமோ சாப்பிட்டிருந்தால், அந்த டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.