வீடு திரும்பும் பிள்ளைகள்

மாத்தளை மாவட்டத்திலே, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டின் நடுவே ஒரு சிறுவன் நான்காம் வகுப்பிற் சேர்க்கப்பட்டான். ஐந்தாண்டுகள் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன். குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்த தாய் திரும்பி வந்து கேட்கவே, நீதிமன்றம் பிள்ளையை அவரிடம் ஒப்படைத்தது. சட்டப்படி யாவும் முறையாகவே நடந்தன. ஆனால் பையன் வாயில் வந்தது சிங்களம் மட்டுமே. தாய் பேசினால் அடுத்த காம்பராப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பான், அவள் மொழிபெயர்ப்பாள். 'அம்மா' என்ற சொல் ஒன்று இரு மொழிக்கும் பொது. அதையும் அவன் இல்லத்துப் பொறுப்பாளரைக் குறித்தே வழங்கினான்.

இத்தகைய இல்லங்களை 'அநாதை இல்லம்' என்றே நம்மவர் இன்னும் அழைக்கின்றனர். அப்பெயர் பெரும்பாலும் பொருந்தாது. 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 14,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இல்லங்களில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ, இருவருமோ உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரித்தது சாவன்று. வறுமை, குடி, கடல்கடந்த வேலை, உடைந்த மணவாழ்வு என்பனவே. வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் ஏற்ற நெறிமுறைகள் கூறுகின்றன. திருப்பி ஒப்படைத்தலும் படிப்படியாக, கண்காணிப்புடன் நடைபெறல் வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

நம் நாட்டுச் சட்டமோ 1939-இல் எழுந்தது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். பாதுகாப்பு வேண்டிய பிள்ளையைத் தகுதியுடைய ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. 1987-இன் பதின்மூன்றாந் திருத்தத்துக்குப் பின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பணிகள் மாகாணங்களின் கைக்கு வந்தன. சட்டமும் உண்டு, அலுவலரும் உண்டு. ஒருவரையும் குறைகூற நான் வரவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இல்லத்திலுள்ள பிள்ளைக்குச் சோறும் உடையும் கொப்பியும் கிடைக்கின்றன. அரசும் கொடையாளரும் தருகின்றனர். அப்பிள்ளை வீடு திரும்பும் நாளிலே அவை நின்றுவிடுகின்றன. எந்த வறுமை அவனை வெளியே அனுப்பிற்றோ அந்த வறுமையிடமே ஒரு வயிறு கூடுதலாகத் திரும்பி வருகிறது. உதவியானது கட்டடத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளையோடு கூட நடந்து லயத்துக்கு வருவதில்லை. 'செவன சரண' போன்ற உதவித் திட்டங்கள் உண்டுதான். கொடையாளர் மனமிரங்கினாற்றான் அவை நடக்கும். இல்லத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஈராண்டுக்கேனும் தாயின் கையிற் கொடுத்தால் என்ன? பிரிந்திருக்கும் காலத்திலேயே விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பி, தாய்மொழி மறவாதிருக்க வழி செய்தால் என்ன?

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் தேவகி புலம்புவதாக ஒரு பதிகம் உண்டு. மகன் திரும்பக் கிடைத்தும், அவனைத் தாலாட்டவும் அவன் குழந்தை விளையாட்டைக் காணவும் தனக்கு வாய்க்கவில்லையே என்று அவள் வருந்துகிறாள். மாணவருக்குப் பலமுறை பாடஞ் சொன்ன பதிகந்தான். அப்பையனைக் கண்ட பின்னரே எனக்கு அது விளங்கிற்று. யசோதையின் பக்கத்து இழப்பை நாம் கேட்பதுமில்லை. ஒரு நாள் அவன் என்னிடம் சிங்களத்தில், "வீட்டுக்கு எப்போது போவோம்?" என்றான். எந்த வீடு என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

சில வாரங்களுக்குப் பின், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அத்தாய் பாடசாலைக்கு வந்தார். கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. "சேர், நாலு சிங்களச் சொல்லைத் தமிழெழுத்துல எழுதித் தாங்க" என்றார். எந்தச் சொற்கள் என்று கேட்டேன். பசி, நோவு, தூக்கம், கோபம் என்று விரல் மடக்கினார். 'படகினி' என்று முதல் வரியில் எழுதினேன்.