மீன்கொத்தி கற்பித்த பாடம்

கலை பயில்வோர் ஒருபுறமும் விஞ்ஞானம் பயில்வோர் மற்றொருபுறமுமாகப் பிரிந்து நிற்றலைக் கல்லூரிகளிற் பெரும்பாலும் காண்கின்றோம். முன்னவர் அழகை நாடுவோர், பின்னவர் பயனை நாடுவோர், இவ்விரு நாட்டமும் ஒன்றுபடா எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்தாதென்பதே எம் கருத்து. உயிர்களின் அமைப்பைக் கண்டு அதற்கொப்பப் பொறிகளை இயற்றும் துறை இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி ஏறத்தாழ 1505ஆம் ஆண்டிற் பறவைகள் பறக்கும் வகையை நுனித்து நோக்கி, படங்களோடு ஒரு சுவடி எழுதினார். எனினும், அவர் வரைந்த பொறிகள் மனிதனை வானில் ஏற்றவில்லை. பிற்காலத்தில் ஜெர்மானியராகிய ஓட்டோ லிலியந்தால், செங்கால் நாரைகளைக் கூர்ந்து நோக்கியதோடமையாது, வளைந்த சிறகைக் காற்றுத் தாங்கும் ஆற்றலையும் அளந்து 1889இல் நூலாக வெளியிட்டார். 1891இல் தாம் செய்த சிறகுகளோடு காற்றில் மிதந்து சென்றார். ஓவியன் தொடங்கியதை அளவுகோல் முற்றுவித்தது.

அங்ஙனமாயின் அளவுகோல் ஒன்றே அமையுமோ எனின், அமையாது. ஜப்பானில் மணிக்கு 300 கிலோமீட்டர் விரையும் ரயில்வண்டி ஒன்றை அமைக்க முற்பட்டபோது ஓரிடர் நேர்ந்தது. வண்டி சுரங்கவழியுட் புகுங்கால் முன்னுள்ள காற்று நெருக்குண்டு, மறுவாயிலில் வெடியோசையாக வெளிப்பட்டு, அருகில் வாழ்வோரை வருத்திற்று. அப்பணியில் ஈடுபட்ட பொறியாளர் எய்ஜி நகாட்சு, பறவைகளைக் கண்டு மகிழும் இயல்பினர். மெல்லிய காற்றினின்று அடர்ந்த நீருள், சிறிதே நீர் தெறிக்கப் பாயும் மீன்கொத்தியை அவர் நினைந்தார். பல வடிவங்களைச் சோதித்தபின், வண்டியின் முகம் அதன் அலகையொத்து 15 மீட்டர் நீளமாக அமைந்தது. 1997இல் அவ்வண்டி ஓடத் தொடங்கிற்று. வடிவை உறுதிசெய்தது சோதனைச்சாலை. ஆனால், அதனைத் தேடவேண்டிய இடத்தைக் காட்டியது, பயன் கருதாது பறவையிடத்து அவர் வைத்த அன்பேயாகும்.

இப்பறவையையே சங்கப் புலவர் சிரல் என்றழைத்து, அதன் அலகையும் நிறத்தையும் பாடினர். அப்பாட்டின் உரையை மனனஞ்செய்து தேர்வெழுதிவிட்டு, நீர்நிலையருகே பறவையைக் காணாது செல்வோமாயின், நாம் கற்றது பாதியே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் இலையின் நரம்புகளை எண்ணிவிட்டு, அவற்றின் ஒழுங்கை வியவாது எழும் விஞ்ஞான மாணாக்கர் கற்றதும் பாதியே. ஆதலின், விஞ்ஞான வகுப்பினர்க்கு ஓவியப் பயிற்சியும், தமிழ் வகுப்பினர்க்கு உயிர்களை நேரிற் கண்டு குறித்துவைக்கும் பயிற்சியும் கல்லூரிகள் அளித்தல் வேண்டும். இரு பாதிகளும் கூடுமிடத்தன்றோ புதியன பிறக்கும்!