அச்சடித்த நிபந்தனை: நிரூபிக்க வேண்டியது யார்?

வீடு வாங்கினாலும், கடன் எடுத்தாலும், சேலையைச் சலவைக்குப் போட்டாலும் ஒரு தாளில் நிபந்தனைகள் அச்சாகி வருகின்றன. எழுதுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது மற்றொருவர். தகராறு என்று வந்துவிட்டால் அநியாயத்தை நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

புகார் சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. சேவையில் குறைபாடு இருந்ததை நுகர்வோர்தான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது.

தாளே சாட்சி

நிபந்தனையே அநியாயம் என்னும்போது நிலைமை வேறு. அரியானா மாநிலம் குர்கானில் வீட்டுக்குப் பணம் கட்டிய ஒருவரின் வழக்கில் 2-4-2019 அன்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வாங்குபவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி; கட்டிட நிறுவனம் வீட்டைத் தராமல், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதிலும் தாமதித்தால் 9 சதவீத வட்டி மட்டுமே. இது ஒருதலைப்பட்சம், வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட்டு கூறிவிட்டது. அநியாயத்தைக் காட்ட அந்த ஒப்பந்தத் தாளே போதுமானதாக இருந்தது.

சென்னையிலும் 1960-களில் ஒரு சலவைக்கடை வழக்கு வந்தது. துணி தொலைந்தால் விலையில் ஒரு பகுதியே கிடைக்கும் என்று ரசீதில் அச்சடித்திருந்தார்கள். அது பொதுநலனுக்கு விரோதம் என்று ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. இத்தகைய வழக்குகளில் துணியைக் கொடுத்ததை வாடிக்கையாளர் காட்டினால் போதும்; கவனமாக வைத்திருந்ததைக் கடைக்காரரே நிரூபிக்க வேண்டும்.

சட்டத்தில் உள்ள குறை

2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதிகப்படி டெபாசிட், மீறலுக்குப் பொருந்தாத அபராதம், கடனை முன்கூட்டி அடைக்க விடாமை, காரணமின்றி ரத்து செய்தல் போன்றவற்றை அநியாய ஒப்பந்தம் என்கிறது. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைக்கவில்லை. ஐரோப்பாவில் 1993-ம் ஆண்டு விதிப்படி, 'வாடிக்கையாளரோடு பேசி முடிவு செய்த நிபந்தனை' என்று வாதாடும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும். இங்கும் அப்படி ஒரு பிரிவு வேண்டும்.

இன்னொரு சிரமமும் உண்டு. அநியாய ஒப்பந்தப் புகாரை மாவட்ட கமிஷன் விசாரிக்க முடியாது. தொகை சிறியதானாலும் மாநில கமிஷனுக்குத்தான் போக வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்குள்.

சட்டம் திருந்தும்வரை ஏழை நுகர்வோருக்குத் துணை அந்தத் தாள்தான். ஆங்கிலமோ மராத்தியோ புரியாவிட்டால் தெரிந்தவரிடம் படித்துச் சொல்லக் கேட்டபிறகே கையெழுத்துப் போட வேண்டும். நகலைக் கேட்டு வாங்கி, பணம் கட்டிய ரசீதுகளோடு பத்திரப்படுத்த வேண்டும். நகல் தர மறுக்கும் இடத்தில் பணத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.