கைவிடப்பட்ட நிலக்கரி நிலமும் அதைச் சுற்றியுள்ள பிழைப்பும்: அப்பலாச்சியா குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பென்சில்வேனியாவிலிருந்து அலபாமா வரை நீளும் அப்பலாச்சிய மலைகளின் கரிப்பகுதியில், நிலக்கரி வெட்டி முடித்த நிலம் ஊர்களை ஒட்டியே கிடக்கிறது. மூடாத சுரங்க வாய்கள், மலைச்சரிவைச் செங்குத்தாகச் சீவிவிட்டுப் போன பாறைச் சுவர்கள், கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த கருமேடுகள், துருநிறத்தில் ஓடும் ஓடைகள் என அதற்குப் பல வடிவங்கள். பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவுக்கு அடியில் 1962-இல் பற்றிய தீ இன்னும் அணையவில்லை, ஊர்தான் ஏறக்குறைய காலியாகிவிட்டது. கரி தீர்ந்ததும் நிலத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் நிறுவனம் வெளியேற வேண்டும் என்று நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் 1977 வரை இல்லை. சில மாநிலங்கள் வைத்திருந்த விதிகளுக்கும் பல் இல்லை.

நிலத்தோடு பிழைப்பும் போனது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் மாவட்டத்தில் 1950-இல் 98,887 பேர் வாழ்ந்தனர்; 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். இந்தச் சரிவுக்கு அண்மைக்காலச் சுற்றுச்சூழல் விதிகளைக் காரணம் காட்டுவது அங்கே அரசியல் வழக்கம். ஆனால் கரி வெட்டுவோரின் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட 1950-களிலேயே சரிவு தொடங்கிவிட்டது. ஏழைகள் உணவு வாங்க உதவும் உணவு முத்திரைத் திட்டத்தைக் கென்னடி அரசு 1961-இல் சோதனையாகத் தொடங்கியபோது முதல் முத்திரைகள் வழங்கப்பட்டது இம்மாவட்டத்தின் வெல்ச் நகரில்தான். பின்னர் வயோமிங்கின் மலிவான திறந்தவெளிக் கரியும், அதற்கும் பின் ஷேல் பாறையிலிருந்து எடுத்த எரிவாயுவும் சந்தையைப் பிடித்தன. அமெரிக்க நிலக்கரி உற்பத்தி 2008-இல் சுமார் 117 கோடி டன். 2023-இல் அதில் பாதியை ஒட்டி நின்றது. போன வேலை திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பின் மேல் இனி எந்தக் கொள்கையையும் கட்ட முடியாது.

இந்த நிலையில் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: கைவிடப்பட்ட சுரங்க நிலத்தைச் சீரமைப்பது பொதுச் செலவில் நடக்கவேண்டிய பணி, அந்த நிலம் அடுத்து எதற்குப் பயன்படும், யாருக்கு வேலை தரும் என்பது முதல் புல்டோசர் இறங்கும் முன்பே முடிவாக வேண்டும். ஆபத்தை நீக்குவது ஒரு வேலை, ஊரைத் தூக்கி நிறுத்துவது வேறொரு வேலை என்று இரண்டையும் பிரித்து வைத்ததால் அரை நூற்றாண்டாகப் பெரும்பணம் அரைப்பயனையே தந்திருக்கிறது.

அந்தப் பிரிவினை சட்டத்திலேயே இருக்கிறது. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் லோகன் மாவட்டத்தில், பஃபலோ கிரீக் ஓடையின் தலைப்பில் கரிக்கழிவைக் கொண்டே எழுப்பிய அணை உடைந்து 125 பேர் மாண்டனர். அந்தப் பேரழிவும், மலைகளைச் சுரண்டிய திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு எதிரான நீண்ட போராட்டமும் சேர்ந்து, 1977 ஆகஸ்ட் 3 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாடு, சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அன்றிலிருந்து வெட்டப்படும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு கட்டணம் வசூலித்து, அந்தத் தேதிக்கு முன் கைவிடப்பட்ட நிலங்களைச் சரிசெய்வது சட்டத்தின் ஏற்பாடு. தொடக்கத்தில் மேற்பரப்புக் கரிக்கு டன்னுக்கு 35 சென்ட், நிலத்தடிக் கரிக்கு 15 சென்ட். செலவில் முன்னுரிமை உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான இடங்களுக்கு. அதன் பிறகே கெட்டுப்போன மண்ணுக்கும் நீருக்கும். ஊர்ப் பொருளாதாரம் அந்த வரிசையில் இல்லவே இல்லை.

உயிராபத்துக்கு முதலிடம் தந்ததில் பிழையில்லை. சிறுவர்கள் விளையாடும் இடத்துக்கு அருகே திறந்து கிடக்கும் குழியை மூடாமல் தொழிற்பேட்டைக்கு வரைபடம் போடுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். சிக்கல் பணம் வந்த வழியில்தான். கட்டணம் இன்றைய உற்பத்தியைப் பொறுத்தது. பாழ்பட்ட நிலமோ நேற்றைய உற்பத்தியின் மிச்சம். நாட்டின் கரியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் தரும் வயோமிங்கில் வசூலான தொகையில் ஒரு பகுதி அந்த மாநிலத்துக்கே உரியது. அதுவோ தன் பழைய சுரங்க நிலங்களைப் பெருமளவு சரிசெய்து முடித்ததாகச் சான்று பெற்ற மாநிலம். நாட்டிலேயே மிகுதியான பழைய சேதம் கிடக்கும் பென்சில்வேனியாவுக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் தேவையில் ஒரு சிறு பங்குதான் ஆண்டுதோறும் கிடைத்துவந்தது.

2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. பொதுக் கருவூலத்திலிருந்து சுமார் 1,130 கோடி டாலரைப் பதினைந்து ஆண்டுகளில் இப்பணிக்கு வழங்க அது வகை செய்தது. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை தரும் ஒப்பந்தங்களுக்கு முன்னுரிமை தரவும் அனுமதித்தது. அதே சட்டம் டன் கட்டணத்தை 22.4 சென்ட்டாகவும் 9.6 சென்ட்டாகவும் குறைத்ததை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. சேதத்தை விளைவித்த தொழிலின் பங்கைக் குறைத்து வரி கட்டுவோரின் பங்கைக் கூட்டியதற்கு நியாயம் சொல்வது கடினம்.

பணம் எவ்வளவு வந்தாலும் அதைச் செலவிடும் முறை பிழையானால் என்ன ஆகும் என்பதற்கு மண்ணே சாட்சி. 1977 சட்டத்துக்குப் பின், மூடப்பட்ட சுரங்கச் சரிவுகள் மீண்டும் சரிந்துவிடக் கூடாது என்பதில் அதிகாரிகள் குறியாக இருந்தனர். நிறுவனங்களும் மண்ணைப் பரப்பி, புல்டோசரை மேலும் கீழும் பலமுறை ஓட்டி இறுக்கி, வேகமாகப் படரும் புல்லையும் பயறுவகைச் செடியையும் விதைத்தன. மண் நின்றது, பார்வைக்குப் பச்சையும் வந்தது, சீரமைப்புக்கு உறுதியாக அரசிடம் கட்டிய பிணைத்தொகையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் சுட்ட ஓடுபோல் இறுகிய அந்தத் தரையில் வேர் இறங்கவில்லை, மழைநீரும் இறங்கவில்லை. ஓக்கும் துலிப் பாப்லரும் நெருங்கி நின்ற மலைக்காட்டின் இடத்தில், மாடும் அதிகம் மேயாத புல்வெளிகள் பல்லாயிரம் ஏக்கருக்கு விரிந்தன. கென்டக்கிப் பல்கலைக்கழகமும் வர்ஜீனியா டெக்கும் நடத்திய சோதனைகள் மருந்தைக் காட்டின: குறைந்தது நான்கு அடி ஆழத்துக்கு மண்ணை இறுக்காமல் கொட்டவேண்டும்; மேலே ஓரிரு முறைக்கு மேல் இயந்திரம் ஓடக் கூடாது; நாற்றோடு போட்டியிடாத தரைச்செடியையே விதைக்கவேண்டும். 2004-இல் ஏழு மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து தொடங்கிய மரம் வளர்ப்பு முயற்சி இதையே நடைமுறையாக்கியது. முன்னர் இறுக்கிய நிலத்தில் கனத்த இரும்புக் கொழு பூட்டிய புல்டோசரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, நான்கு அடி வரை பிளந்து நாற்று நடுகிறார்கள். ஒரே நிலத்தை முதலில் இறுக்கவும் பின்னர் பிளக்கவும் இருமுறை செலவு. அடுத்த பயன் காடுதான் என்று தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தால் இறுக்கிய செலவேனும் மிஞ்சியிருக்கும்.

மண்ணைவிடக் கடினமானது நீர். கரியோடு கிடக்கும் பைரைட் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டவுடன் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் அந்த நீர் ஓடையில் கலந்ததும் இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாகப் படிந்து, கற்களின் இடுக்குகளில் வாழும் பூச்சிகளை முதலில் கொல்கிறது. பிறகு அவற்றைத் தின்னும் மீன்களை. மூடிய குழி மூடியபடி இருக்கும். இந்த நீர் அப்படியல்ல. பல தலைமுறைகளுக்கு வந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புக்கல் படுகைகளும் சதுப்புக் குட்டைகளும் சிறு ஊற்றுகளுக்குப் போதும். பெரிய சுரங்கத்துக்கு நாள்தோறும் சுண்ணாம்பு கலக்கும் நிலையமே வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவின் சீட் ஆறு இதில் ஊன்றிப் பார்க்கவேண்டிய பாடம். 1994-இல் அதன் துணை ஓடையான மடி கிரீக்கின் கரையில், அடைத்துவைத்த நிலத்தடிச் சுரங்கம் ஒன்றின் அமில நீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. ஆறு பல மைல் தூரம் செத்தது. மிதவைப் படகுச் சுற்றுலாவை நம்பியிருந்த பிரெஸ்டன் மாவட்டம் அடிவாங்கியது. படகு நடத்துவோரும் ஊராரும் சேர்ந்து உருவாக்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த சீட்’ அமைப்பு ஓடை ஓடையாகச் சுத்திகரிப்பைத் தொடங்கியது. ஆனாலும் சட்டம் குறுக்கே நின்றது. 1977-க்கு முன் கைவிடப்பட்ட சுரங்கத்தின் நீருக்கு ஒரு நிதி. பின்னர் வெட்டிப் பிணைத்தொகையை இழந்த சுரங்கத்தின் நீருக்கு வேறொரு நிதி. இரண்டும் ஒரே ஓடையில் கலந்தாலும் தனித்தனியாகவே சுத்திகரிக்க வேண்டும். மாநில அரசு ஒருவழியாக இரண்டு வகை நீரையும் குழாயில் இழுத்து ஒரே நிலையத்தில் சேர்த்தது. மடி கிரீக்கின் கீழ்ப்பகுதியில் மீன்கள் திரும்பின. நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே அலகாகக் கருதும் இந்த முறை எல்லா மாநிலங்களிலும் விதியாக வேண்டும். நீர் சுத்திகரிப்புக்கென நெடுங்கால வைப்புநிதி ஒதுக்க 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் மாநிலங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. தங்கள் ஆண்டு மானியத்தில் 30 விழுக்காடு வரை இதற்கு ஒதுக்கலாம்; அதை முழுமையாகப் பயன்படுத்துமாறு எங்கள் அமைப்பு மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது.

நிலம் அடுத்து என்ன ஆகவேண்டும் என்பதில் ஒரே விடை கிடையாது. கிழக்குக் கென்டக்கி 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 1,500 எல்க் மான்களைக் கொண்டுவந்து பழைய சுரங்கப் புல்வெளிகளில் விட்டது. மரம் வளராத அதே புல்வெளி மானுக்கு உகந்ததாயிற்று. இன்று மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிகப்பெரிய எல்க் கூட்டம் அங்கேதான். வேட்டை உரிமமும் விடுதிகளும் ஓரளவு வருமானம் தருகின்றன. அதே மாநிலத்தின் மார்ட்டின் மாவட்டத்தில் பழைய மார்ட்டிக்கி சுரங்கத்தின் மேல் 111 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் அதன் கட்டுமானத்தில் வேலை செய்தனர். கட்டி முடித்தபின் தேவைப்படும் ஆட்கள் மிகச் சிலரே. சூரிய மின்சாரம் ஊருக்குத் தரக்கூடியது முதன்மையாக வரியும் குத்தகையும், வேலை அல்ல. இதை முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிடுவது நேர்மை. அதே மாவட்டத்தில் மலையுச்சியை வெட்டிச் சமன்செய்த நிலத்தில் கட்டி 2003-இல் திறக்கப்பட்ட மத்தியச் சிறை வேறொரு எச்சரிக்கை. நிரப்பிய மண் அமிழ்ந்து அடித்தளச் செலவு கோடிக்கணக்கான டாலருக்கு ஏறியது. சமதளம் அரிதான மலைநாட்டில் சுரங்கம் சமதளத்தைப் பரிசாகத் தந்துவிட்டது என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. நிரப்பிய நிலம் கெட்டிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது.

நிலம் யாருடையது என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. அப்பலாச்சியாவின் எண்பது மாவட்டங்களில் நில உடைமையை ஆராய்ந்து 1981-இல் வெளியான ஆய்வு, நிலமும் கனிம உரிமையும் பெருமளவு வெளியூர் நிறுவனங்களின் கையில் இருப்பதையும் அவை கட்டிய சொத்துவரி மிகச் சொற்பம் என்பதையும் காட்டியது. பொதுப் பணத்தில் சீரமைத்த நிலத்தின் மதிப்பு உயர்ந்து அந்த உயர்வு உரிமையாளருக்கே போய்ச் சேர்ந்தால், ஊருக்கு மிஞ்சுவது பார்க்கப் பச்சை மலை மட்டுமே. சீரமைப்புப் பணம் பெறும் தனியார் நிலத்தில் பொதுப் பயன்பாட்டு உரிமையோ, நீண்டகாலக் குத்தகையோ, வருமானத்தில் பங்கோ ஊராட்சிக்கு எழுத்தில் கிடைக்கவேண்டும்.

1977-க்குப் பிந்தைய சுரங்கங்களும் இப்போது கைவிடப்படுகின்றன. நிறுவனம் திவாலானால் அரசு சீரமைக்கட்டும் என்பதற்காகப் பெற்ற பிணைத்தொகை பல இடங்களில் உண்மைச் செலவுக்குப் போதவில்லை. 2019 ஜூலையில் பிளாக்ஜுவல் நிறுவனம் திவாலானபோது தொழிலாளர்களின் சம்பளக் காசோலைகள் பணமின்றித் திரும்பின. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் அவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தாங்கள் வெட்டிய கரியை ஏற்றிய ரயிலை மறித்தனர். கூலிக்கே அந்த நிலைமை என்றால், அதே நிறுவனம் விட்டுச்சென்ற மலைச்சரிவுகளின் கதி சொல்லாமலே விளங்கும். பிணைத்தொகையை உண்மைச் செலவுக்கு ஏற்ப உயர்த்துவதும், நிறுவனத்தின் சொல்லையே பிணையாக ஏற்கும் வழக்கத்தை நிறுத்துவதும் மாநிலங்களின் கடமை.

பொருளாதார நோக்குடைய சீரமைப்புக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 2016 நிதியாண்டுக்கு முதன்முறையாக 9 கோடி டாலர் ஒதுக்கி, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகிய மூன்றுக்கும் சமமாகப் பிரித்தது. பின்னர் வேறு மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் சேர்க்கப்பட்டன. இந்தத் திட்டம் இன்றும் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பியே ஓடுகிறது. அடுத்த ஆண்டு பணம் வருமா என்று தெரியாத மாவட்டம் பத்தாண்டுக் காட்டுக்கும் ஐந்தாண்டுத் தொழிற்பேட்டைக்கும் எப்படித் திட்டமிடும்? கென்டக்கியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹால் ராஜர்ஸ் 2016-இல் கொண்டுவந்த ‘ரிக்ளெய்ம்’ மசோதா, கரிக்கட்டண நிதியில் செலவாகாமல் கிடந்த 100 கோடி டாலரை ஐந்தாண்டுகளில் இத்தகைய பணிகளுக்குத் திருப்பிவிட முயன்றது. இரு கட்சியினரின் ஆதரவு இருந்தும் அது சட்டமாகவில்லை. கரிக்கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் 2034 செப்டம்பரில் காலாவதியாகிறது. அதற்கு முன் நாடாளுமன்றம் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டத்தைச் சட்டத்தில் நிரந்தரமாக்கி, கட்டணத்தையும் நீட்டிக்க வேண்டும்.