பரண் மேல் மெத்தை

நமது வீட்டுப் பரணில் 12 வருஷ காலமாக ஒரு மெத்தை ஏகாந்த வாசம் செய்து வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிற சமயத்தில், அது பூலோகத்துக்கு இறங்கி வரும். மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பியதும் பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு மறுபடியும் மேலே ஏறிவிடும். இதை நேயர்களிடம் சொல்லிக் கொள்ள நமக்கு வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஏனெனில், அந்த 12 வருஷமும் நமது பெரியம்மா கூடத்து மூலையில் கோரைப் பாயில்தான் படுத்துக் கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு வயது 76.

சென்ற மார்கழியில் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. இடுப்பில் பலமான அடி. "இனிமேல் தரையில் படுக்க விடாதீர்கள். படுத்து எழுந்திருக்கும்போது மறுபடியும் விழுந்து வைப்பார்கள்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பரண் மேல் மெத்தையைக் கீழே இறக்கினோம். "ஐயோ, அது மாப்பிள்ளைக்குப் போடுகிற மெத்தை அல்லவா, அப்பா?" என்றாள் பெரியம்மா. அவளுடைய ஆட்சேபத்துக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. உறையைப் பிரித்ததும் பூஞ்சைக் காளான் நாற்றம் மூக்கைத் துளைத்தது. உள்ளே பஞ்சு கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டு கிடந்தது. நமது மாப்பிள்ளை எவ்வளவு சாது என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

புது மெத்தை வாங்கப் போனோம். பெரியம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனது முதல் தவறு. மெத்தையின் மேல் உட்கார்ந்து பார்த்தது இரண்டாவது தவறு. 8 அங்குல உயரமுள்ள ஃபோம் மெத்தை. உட்கார்ந்த மாத்திரத்தில் நம்மை அப்படியே உள்ளே வாங்கிக் கொண்டது. "ஆஹா!" என்று பணத்தை எண்ணி வைத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது, பெரியம்மா விழித்தபடி கூரையைப் பார்த்துக் கொண்டு படுத்திருந்தாள். இரவு 2 மணியிலிருந்து எழுந்திருக்க முயன்றாளாம். கையை ஊன்றினால் கை உள்ளே போயிற்று. புரண்டு படுக்கலாமென்றால் இடுப்பு குழியை விட்டு ஏறவில்லை. "தூங்குகிறவர்களை எழுப்ப மனசு வரவில்லை" என்றாள். படுக்கை நனைந்திருந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

மெத்தை என்பது படுப்பதற்கு மட்டுமன்று, எழுந்திருப்பதற்குந்தான் என்பது அன்று நமக்கு விளங்கிற்று. ஆகையால், யார் படுக்கப் போகிறார்களோ அவர்களையே கடைக்கு அழைத்துப் போக வேண்டும். முடியாவிட்டால், அவர்களுடைய முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரையில் ஒரு கயிற்றால் அளந்து எடுத்துக்கொண்டு போகலாம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம், மனிதர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு, ஏறக்குறைய அந்தக் கயிற்றின் அளவே இருக்க வேண்டும். அப்போதுதான் பாதம் தரையில் நன்றாகப் பதியும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஓரம் சரியக் கூடாது. பிறகு கடைக்காரர் என்ன நினைத்துக் கொண்டாலும் சரி, 10 நிமிஷம் நீட்டிப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை அதிகக் கடினம். கை நுழையவே இடமில்லையென்றால் அதிக மெது.

முதுகு வலிக்காரர்களுக்குப் பலகைதான் மருந்து என்று சொல்லும் கட்சி ஒன்று நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. 2003இல் ஸ்பெயின் தேசத்து வைத்தியர்கள் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குக் கடின மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தைக்காரர்களே அதிகம் தேறினார்கள். நம்முடைய பழைய இலவம்பஞ்சு மெத்தை, நன்றாக அடைத்துத் தைத்திருந்தால், அநேகமாக அந்த நடுத்தரந்தான்.

கடைசியில் மெத்தை தைக்கிறவர் ஒருவரிடமே போனோம். இம்முறை பெரியம்மாவும் வந்தாள். 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குல கனம் என்று பேசி முடித்தோம். தேனி மாவட்டத்துப் பக்கங்களில் பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கும். அப்போது வருகிற புதுப் பஞ்சு சிலாக்கியமானது. ஆனால் இலவம் பஞ்சு என்ற பெயரில் மில் கழிவுப் பஞ்சைக் கலந்து விற்பதும் உண்டு. பெரியம்மா ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து விரல்களுக்கிடையில் திரித்துப் பார்த்தாள். நூலாகத் திரிந்தால் அது பருத்தி. இலவம் பஞ்சு வழுவழுப்பானது, குட்டையானது. எந்த ராட்டினத்துக்கும் சுலபத்தில் கட்டுப்படாது. ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டாலும் குட்டு வெளிப்படும். இலவம் மிதந்துகொண்டேயிருக்கும், கழிவுப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும்.

இந்த மிதக்கும் குணத்துக்காகவே முன்னாளில் கப்பற்காரர்களின் உயிர் காக்கும் சட்டைகளில் இலவம் பஞ்சை அடைத்தார்கள். 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காவுக்கு அந்தப் பஞ்சு வருவது தடைப்பட்டது. 1944இல் அந்தத் தேசத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நம் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களை மூட்டை மூட்டையாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். எருக்கம் பஞ்சில் தலையணை செய்த நம் பாட்டிமார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பஞ்சை நம் கண் முன்னாலேயே அடைக்கச் சொல்வது நல்லது. நாலு மூலையும் நிரம்பியிருக்க வேண்டும். இடையிடையே மேலிருந்து கீழ் வரையில் கோத்துப் போடும் தையல் நெருக்கமாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடிவிடும். அப்புறம், தொய்ந்த நாடாக் கட்டிலில் எந்த மெத்தையைப் போட்டாலும் அது தொட்டில்தான்.

வீட்டுக்கு வந்த மெத்தைக்கு வெயிலைப் போன்ற வைத்தியர் வேறில்லை. நாம் 15 நாளைக்கு ஒரு தரம், காலை 10 மணிக்கு மொட்டை மாடியில் போட்டு, நடுவில் ஒரு முறை புரட்டி, 3 மணிக்கு எடுத்து விடுகிறோம். ஈரந்தான் பூஞ்சைக்கும், தும்மலையும் இழைப்பையும் கிளப்பும் தூசிப் பூச்சிக்கும் உயிர். மேலுறையைக் கழற்றி வெந்நீரில் துவைக்க வேண்டும். தடி கொண்டு வெளுத்து வாங்குவது மட்டும் வேண்டாம். இலவம் இழை ஒடிந்து பொடியாகிவிடும். கையால் தட்டினாலே போதும். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டு வந்தால் குழி விழாது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துப் பஞ்சை உதறி, மறுபடியும் அடைத்துக் கொள்ளலாம். ஃபோம், ரப்பர் மெத்தைகளை மட்டும் வெயிலில் போடாதீர்கள். அவை நொறுங்கிப் போகும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். எந்த மெத்தையானாலும் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நமது வீட்டுச் சரித்திரமே சாட்சி.

தாமாகப் புரண்டு படுக்க முடியாத நோயாளிகள் விஷயம் வேறு. எத்தனை உயர்ந்த மெத்தையானாலும், சுமார் 2 மணிக்கு ஒரு முறை அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கும் கைகள் அவசியம். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

பெரியம்மா இப்போது இரவில் தானாகவே எழுந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி போய் வருகிறாள். சுவிட்சின் ஓசை கேட்டு நாம் விழித்துக் கொள்வோம். மறுபடியும் கட்டில் கிறீச்சிடுகிற வரையில் காத்திருந்து, பிறகு தூங்குவோம். வருகிற தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எதைப் போடுவது என்ற கவலை இப்போதே அவளைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. கோரைப் பாய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம்.