புள்ளியும் காற்புள்ளியும்

0.85 என்னும் எண் 0 ஆகுமா? ஆகாது என்றுதான் ஆறாம் வகுப்புச் சிறுவனும் சொல்வான். ஆனால் ஆயிற்று, என் கணக்கிலேயே ஆயிற்று.

சீ மொழியில் நான் எழுதிய நிரல் ஒன்று, கோப்பிலுள்ள அளவீடுகளைப் படித்து வரைபடம் தீட்டும். என் கணிப்பொறியில் ஒழுங்காகவே ஓடியது. ஜெர்மனியில் ஆய்வு செய்யும் தோழர் ஒருவர் அதைத் தம் பொறியில் ஓட்டினார். வரைபடம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. மூன்று நாள் என் சமன்பாடுகளையே ஐயுற்றேன். பிழையோ புள்ளியில் இருந்தது!

ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இட்டு 0,85 என்று எழுதுவர். சீ நிரல் தொடங்கும்போது புள்ளியையே தசமக் குறியாகக் கொள்ளும். 'செட்லொகேல்' என்னும் கட்டளை இட்டால், பயனரின் நாட்டு வழக்குக்கு மாறிவிடும். நான் சேர்த்துக்கொண்ட வரைபட நூலகம் என்னைக் கேளாமலே அக்கட்டளையை இட்டிருந்தது. பின்னர் எண்ணைப் படிக்கும் 'ஸ்ட்ர்டாட்' 0 வரை படித்தது. புள்ளியைக் கண்டதும் நின்றது. எங்கே நின்றாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். கேளாதது என் குற்றம். எழுதும்போதும் இதே தொல்லைதான். 'பிரின்ட்எஃப்' 0,85 என்று எழுதும். காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் கோப்பில் ஓர் எண் இரண்டாகிவிடும்.

"தமிழ்ச் சங்கத்தில் இருந்துகொண்டு, எல்லார்க்கும் ஒரே வழக்கு என்கிறாயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை! திரையில் மனிதர் படிக்கும் எண் அவரவர் வழக்கிலேயே இருக்கட்டும். ஜெர்மானியர் காற்புள்ளியைக் காணட்டும். நாம் 12,34,567 என்று இலட்சக் கணக்கில் காண்போம். ஆனால் பொறி எழுதிப் பொறி படிக்கும் கோப்புக்கு நாடு ஏது? இவ்விரண்டு வேலையையும் ஒரே கருவியிடம் ஒப்படைத்ததே தவறு என்பது என் கருத்து.

படிக்குமுன் வழக்கை மாற்றிப் பின் மீட்டுவிடலாமே என்பர் சிலர். 'செட்லொகேல்' நிரல் முழுவதையும் மாற்றுவது. பல இழைகள் ஒருங்கே ஓடும் நிரலில் அது ஆபத்து. ஓர் இழைக்கு மட்டும் வழக்கை அமைக்கும் 'யூஸ்லொகேல்' 2008-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் வந்தது. சீ++ மொழியோ 2017-இல் நாட்டு வழக்கையே பாராத தனிக் கருவிகளைப் பெற்றது. சீ மொழியின் தரத்திலும் அத்தகையன இடம்பெற வேண்டும். அதுவரை நாமே விழிப்பாயிருப்போம்.

இவ்வூர்க் கடையில் இந்தியில் விலை கேட்கிறோம். அறைக்கு வந்து தமிழில் கணக்குப் பார்க்கிறோம். தராசில் ஏறும் எடைக்கல் மட்டும் மொழிக்கு மொழி மாறுவதில்லை. மாறினால் வணிகம் என்னாகும்? ஆய்வும் அப்படித்தான்!