படுக்கைப்புண் விதியன்று

அசைய இயலாது கிடக்கும் நோயாளியின் இடுப்பிலும் குதிகாலிலும், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் சதையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே உருவாகத் தொடங்கும் படுக்கைப்புண்ணை, வியாதியோடு கூடவே வரும் விதியென்று எண்ணி வாளாவிருப்பது பெருங்குற்றமாகும். நோயின்மீது சுமத்தப்படும் இப்பழி பெரும்பாலும் பராமரிப்பின் குறையையே சாரும் என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், ஈரம் தங்காது தோலைத் துடைத்தல், புரதம் மிக்க ஆகாரம் அளித்தல், சிவப்பு எளிதில் புலப்படாத கருமேனியில் வெப்பத்தையும் தடிப்பையும் தொட்டறிதல் ஆகிய இவற்றுக்குப் போதிய கைகளும் சிரத்தையுமே வேண்டும். ஆதலால், வார்டுகளில் செவிலியர் எண்ணிக்கையைப் பெருக்குவதும், உடனிருக்கும் உறவினருக்கு இம்முறைகளைக் கற்பிப்பதும் சிகிச்சையின் பிரதான அங்கமென்று ஒவ்வோர் ஆஸ்பத்திரி நிர்வாகமும் ஏற்றுக்கொள்ளுதல் அத்தியாவசியமாகும்.